போனைத் திருப்பிக் காட்டியவன்

ஆரோக்கியம், நீ குடை போட்டிருந்த இடத்தில் இப்போது கரும்புச்சாறு வண்டி நிற்கிறது. சமயபுரத்தில் கூட்டம் கொஞ்சமும் குறையவில்லை. மொட்டை அடித்துச் சந்தனம் பூசிக்கொண்டு அதே மாதிரி வெயிலில் நடந்து வருகிறார்கள். நான்தான் என் குடையை மடக்கிவிட்டேன். இனி இந்த வேலைக்கு வரமாட்டேன். போகும் முன்னால், புதிதாக வருகிறவர்களிடம் உன்னைப் பற்றிச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

தம்பிகளே, தங்கைகளே, என் பெயர் பானு. ஊர் காட்டூர். பத்தாவதோடு என் படிப்பு நின்றுவிட்டது. கோர்வையாக எழுத வராது. ரோட்டோரம் குடை போட்டு சிம் கார்டு விற்பதுதான் என் வேலையாக இருந்தது. ஆரோக்கியம் பக்கத்துக் குடை. நான் ஒரு கம்பெனி, அவன் வேறு கம்பெனி. பாலக்கரையில் சர்ச்சுக்குப் பின்னால் அவன் வீடு. எனக்கும் அவனுக்கும் ஒரே வயது. விரல் ரேகை வாங்குகிற மிஷினை எப்படி ஓட்டுவது என்று உங்களுக்குக் கம்பெனியில் சொல்லிக்கொடுப்பார்கள். அதை நான் சொல்லப் போவதில்லை. அவன் பேர் எப்படிக் கெட்டது, அதைத் திரும்ப வாங்க என்ன பாடுபட்டோம் என்பதை மட்டும் சொல்கிறேன்.

எங்களுக்குள் நாள் முழுக்கச் சண்டைதான்.

"வாங்கக்கா, வாங்க! எங்க சிம்முல பேசுனா மாரியாத்தாளுக்கே நேரா கேக்கும்" என்று அவன் கத்துவான்.

"நம்பாதீங்கக்கா. அவன் சிம்முல அவங்க அம்மாவுக்கே லைன் போகாது" என்று நான் கத்துவேன்.

"ஏய் பானு, உங்க கம்பெனி டவரு மழைக்கு ஒதுங்கத்தான்டி ஆவும்."

"போடா, உங்க டவருல காக்காகூட உக்காராது."

வருகிறவர்கள் சிரித்துக்கொண்டே யாரோ ஒருவரிடம் வாங்குவார்கள். 

சமயபுரத்தில் சிம் போடுவது மற்ற ஊர் மாதிரி இல்லை. ஆதார் அட்டையில் முடி இருக்கும், எதிரே நிற்கிறவர் மொட்டையாக இருப்பார். முகம் சேரவில்லை என்று மிஷின் அடம்பிடிக்கும். விரலிலோ மஞ்சள், குங்குமம், வேப்பிலைச் சாறு. வயல் வேலை, கல் வேலை செய்கிறவர்களுக்கு ரேகையே தேய்ந்து போயிருக்கும். அதனால் நாங்கள் ஒரு நாளில் அதிகம் சொல்கிற வார்த்தை இதுதான்: "விழலைங்க, இன்னொரு தடவை வைங்க."

நம் தொழிலில் மிக ஆபத்தான வார்த்தையும் இதுதான். ரேகை விழுந்து சிம் வேலை செய்ய ஆரம்பித்த பிறகும் "விழலைங்க" என்று சொல்லி இன்னொரு தடவை விரலை வாங்கினால், அவர் பேரில் அவருக்கே தெரியாமல் இரண்டாவது சிம் உயிர் பெற்றுவிடும். அது விற்பவன் பைக்குள் போகும். அங்கிருந்து எங்கே போகிறது என்று யாருக்கும் தெரியாது.

ஆரோக்கியம் இதற்கு ஒரு பழக்கம் வைத்திருந்தான். ஒவ்வொரு தடவை விரல் வைத்ததும் மிஷினோடு சேர்ந்த போனைத் திருப்பி, வந்தவர் முகத்துக்கு நேரே காட்டுவான்.

"படிக்கத் தெரியலைன்னா பரவால்ல, கலரைப் பாருங்க. செவப்பு வந்தா விழலை. பச்சை வந்தா விழுந்துருச்சு. பச்சை வந்ததுக்கப்புறம் எவன் கேட்டாலும் விரலைக் குடுக்காதீங்க. நானே கேட்டாலும் குடுக்காதீங்க."

"வாத்தியாரு பாடம் நடத்துறாரு. நீ முடிக்கிறதுக்குள்ள நான் நாலு பேருக்குப் போட்டுருவேன்" என்பேன்.

"போட்டுக்க. என்கிட்ட வந்தவங்க அடுத்த வருசமும் என்னைத் தேடித்தான் வருவாங்க, பாரு."

ஒரு மார்கழியில் இரண்டு கம்பெனியும் எங்களை ஸ்ரீரங்கத்துக்கு அனுப்பின. ராஜகோபுரத்துக்கு வெளியே கூட்டம் நெரித்துக்கொண்டிருந்தது. ஒருவர் ஓடி வந்தார். வெள்ளை வேட்டி, நெற்றியில் திருமண். கண்ணில் தண்ணீர், கையில் ஒரு ஆதார் நகல்.

"தம்பி, அப்பா போன் தொலைஞ்சு போச்சு. அதே நம்பர்ல வேற சிம் வேணும். அவர் படுத்த படுக்கை. ஆஸ்பத்திரிக்குப் பணம் கட்டணும், ஓடிபி அந்த நம்பருக்குத்தான் வரும். மிஷினைக் குடுங்க, வீட்டுல அவர் விரலை வெச்சுட்டு அஞ்சு நிமிஷத்துல கொண்டு வந்துடறேன்."

சுற்றி நின்றவர்கள், "குடுப்பா, பாவம், உயிர் விஷயம்" என்றார்கள். நானாக இருந்தால் கொடுத்திருப்பேன். ஆரோக்கியம் குடையை என்னிடம் விட்டுவிட்டு எழுந்தான்.

"மிஷின் என் கையை விட்டுப் போகாதுங்க சார். நானும் மிஷினும் சேந்து வரோம். வாங்க, ஓடியே போயிரலாம்."

இரண்டு பேரும் வேகமாக நடந்தார்கள். பூக்கடைத் திருப்பத்தில் ஆரோக்கியம் திரும்பிப் பார்த்தபோது அந்த ஆளைக் காணவில்லை. அவன் அதோடு திரும்பி வந்துவிடவில்லை. அந்த ஆள் காட்டிய ஆதார் நகலில் இருந்த விலாசத்தைத் தேடி உத்திர வீதிக்குப் போனான். படுத்த படுக்கை என்று சொல்லப்பட்டவர் வாசலில் நின்று கோலத்தை மிதித்த மாட்டைத் திட்டிக்கொண்டிருந்தாராம்.

"சுவாமி, உங்க பையன் வந்து சிம் கேட்டாருங்க."

"பையனா? அடியேனுக்கு ரெண்டும் பொண்ணாச்சே. இந்த வயசுல பெருமாள் புதுசா புத்திர பாக்கியம் அனுக்கிரகம் பண்ணியிருக்காரா என்ன?"

காலையில் கூட்டத்தில் அவர் போன் காணாமல் போயிருந்தது மட்டும் உண்மை. போனோடு பையில் இருந்த ஆதார் நகலும் போய்விட்டது. ஆரோக்கியம் கூடவே இருந்து அந்த நம்பரை நிறுத்தவும், பேங்குக்குச் சொல்லவும் வைத்துவிட்டுத்தான் வந்தான். பெரியவர் கொடுத்த புளியோதரையில் பாதி எனக்கும் வந்தது.

உங்களை அவசரப்படுத்துகிறவர் எல்லாரும் திருடர் இல்லை. நிஜமாகவே ஆஸ்பத்திரியில் யாராவது கிடக்கலாம். அதனால் முடியாது என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளாதீர்கள். மிஷினைக் கையில் வைத்துக்கொண்டு கூடவே நடந்து போங்கள். நிஜமானவர் உங்களை வீடு வரைக்கும் கூட்டிக்கொண்டு போவார்.

தெரியாத ஆளிடம் மிஷினைக் கொடுக்காதவன், தெரிந்த ஆளிடம் கொடுத்துவிட்டான். அதுதான் நடந்தது.

அது பூச்சொரிதல் ஞாயிற்றுக்கிழமை. கூடை கூடையாகப் பூ போய்க்கொண்டிருந்தது. ஆரோக்கியம் முன்னால் ஒரு அம்மா நின்றிருந்தார். புது மொட்டை. புள்ளம்பாடிப் பக்கம் கல்லுடைக்கிற வேலை என்றார். இரண்டு தடவை விரல் வைத்தார். இரண்டு தடவையும் சிவப்பு. ஆரோக்கியம் திருப்பிக் காட்டினான்.

"ரெண்டும் செவப்பும்மா. கைல மஞ்சள் இருக்கு. அந்தக் குழாயில சோப்புப் போட்டுக் கழுவிட்டு வாங்க. பச்சை வர்ற வரைக்கும் நான் இங்கதான் இருப்பேன்."

அந்த அம்மா போனதும் அவனுடைய டீம் லீடர் வந்தார். கண்ணாடி போட்டவர், சிரித்த முகம். அவன் வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தெரிந்தவர்.

"ஆரோ, காலையில இருந்து நீ ஒண்ணுமே சாப்புடலை. போய் சாப்டு வா. நான் உக்காந்துக்கறேன்."

"லாக் அவுட் பண்ணிட்டுப் போறேன் சார்."

"இந்தக் கூட்டத்துல அவுட் பண்ணா மறுபடி சர்வர் கிடைக்குமா? உன் ஐடியிலயே ஓட்டுறேன், போடா. என்னை நம்ப மாட்டியா?"

காலையில் யார் முகத்தைக் காட்டி மிஷினைத் திறந்தாரோ, அவர்தான் விற்க வேண்டும். சட்டம் அது. ஆனால் குடைக்காரர்களுக்குள் ஒருவர் சாப்பிடப் போனால் இன்னொருவர் உட்காருவது உதவி. அதைத் தப்பு என்று யாரும் நினைப்பதில்லை. மேலே இருக்கிறவரே வந்து பசிக்கிறதா என்று கேட்கும்போது, மாட்டேன் என்று எப்படிச் சொல்வது? அவன் எழுந்து வந்தான். நானும் அவனும் அன்னதானப் பந்தலுக்குப் போனோம். தயிர்சாதத்தை அள்ளி அள்ளிப் போட்டுக்கொண்டான்.

"மெதுவாத் தின்னுடா, யாரும் புடுங்கிக்க மாட்டாங்க."

"அந்தக் கல்லுடைக்கிற அம்மா திரும்பி வந்துருவாங்க பானு. நான் இருப்பேன்னு சொல்லியிருக்கேன்."

நாங்கள் வந்தபோது அந்த அம்மா போய்விட்டார். "முடிச்சு அனுப்பிட்டேன்" என்றார் டீம் லீடர்.

மழைக்காலத்தில் ஆரோக்கியத்தைத் திருச்சி சைபர் கிரைம் ஸ்டேஷனுக்குக் கூப்பிட்டார்கள். வெளிமாநிலத்திலிருந்து அதிகாரிகள் வந்திருந்தார்கள். அவர்கள் பேசியதை இங்குள்ள பெண் இன்ஸ்பெக்டர் தமிழில் சொன்னார். ஒரு நம்பரை வைத்து, நாட்டுக்கு வெளியே இருக்கிற யாரோ ஒருவன், ஒரு பெண் பேரில் சாட்டிங் கணக்குத் திறந்திருக்கிறான். எல்லையில் இருக்கும் ஒரு பட்டாளத்துப் பையனிடம் ஆசையாகப் பேசி, முகாமைப் படம் எடுத்து அனுப்பு என்று கேட்டிருக்கிறான். சிம் கார்டு இந்த நாட்டை விட்டே போகவில்லை. கணக்குத் திறக்க அதில் வந்த ஓடிபி மட்டும்தான் அவனுக்குப் போயிருக்கிறது. அந்த சிம் சமயபுரத்தில், ஆரோக்கியம் ஐடியில், ஒரு மொட்டை அடித்த அம்மாவின் பேரில் போடப்பட்டது. படத்தைக் காட்டினார்கள். பார்த்ததும் அவனுக்கு அடையாளம் தெரிந்துவிட்டது.

"இது தேசப் பாதுகாப்பு விஷயம்ப்பா. தெரிஞ்சதைச் சொல்லிரு" என்றார் இன்ஸ்பெக்டர்.

சொன்னான். டீம் லீடரைக் கூப்பிட்டார்கள். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "ஐடி யாரோடது மேடம்? காலையில முகம் காட்டினது யாரு? நான் அந்தப் பக்கமே போகலையே" என்றார். நானும் போய்ச் சொன்னேன். என்னைக் கேட்டார்கள்: "அந்தம்மாவுக்கு சிம் போடும்போது நீ பார்த்தியா?" பார்க்கவில்லை. தயிர்சாதம் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். அந்த அம்மாவை ஏற்கெனவே விசாரித்திருந்தார்கள். வெளிமாநிலப் போலீஸைப் பார்த்த பயத்தில் அவர் "குடைப் பையன்தான்" என்று மட்டும் சொல்லியிருக்கிறார்.

கம்பெனி அவன் பதிவை ரத்து செய்தது. ரத்தானவர்கள் பட்டியல் எல்லாக் கம்பெனிக்கும் போகும். அதன்பிறகு யாரும் அவனைக் குடைக்கடியில் உட்கார விடவில்லை. அது கூடப் பரவாயில்லை. பாலக்கரையில் அவன் தெருவில் "நாட்டைக் காட்டிக் குடுத்தவன்" என்ற பேச்சு வந்துவிட்டது. அவன் அம்மா சர்ச்சில் பூசைக்கு எப்போதும் முன்வரிசையில் உட்காருவார். பிறகு கதவோரம் நிற்க ஆரம்பித்தார்.

"நம்ம நாட்டுக்கு நீ என்னடா பண்ணுனே? எனக்குப் புரியற மாதிரி சொல்லுடா" என்று கேட்டாராம். அவனால் புரியவைக்க முடியவில்லை. இரண்டாவது சிம் என்றால் என்ன என்று தெரியாத அம்மாவுக்கு எதிலிருந்து ஆரம்பிப்பது?

"வேலை போனா போவுது பானு. கைவண்டிகூட இழுப்பேன். பேரு மட்டும் சுத்தமாவணும். எங்கம்மா முன்னாடி போய் உக்காரணும்" என்று என்னிடம் சொன்னான்.

ஒரு வழி இருந்தது. கண்ணாடிக்காரர்தான் போட்டார் என்று அந்த அம்மா சொன்னால் போதும். ஆனால் ஆதாரில் இருந்த ஊரில் அவர் இப்போது இல்லை. கல் வேலைக்காரர்கள் குவாரி குவாரியாக இடம் மாறிக்கொண்டே இருப்பார்கள். ஆரோக்கியம் ஒரு வக்கீலைப் போய்ப் பார்த்தான். அவர் சொன்னதை நீங்களும் நெஞ்சில் வைத்துக்கொள்ளுங்கள்: "இருக்கிற இடத்தைத் தேடு, தப்பில்லை. ஆனா நீ போய் அவங்ககிட்ட ஒரு வார்த்தை பேசிடாதே. அப்புறம் அவங்க உண்மையைச் சொன்னாலும் நீ சொல்லிக் குடுத்ததுன்னு ஆயிடும். இடம் தெரிஞ்சா இன்ஸ்பெக்டர்கிட்ட சொல்லு, அவங்க கேக்கட்டும்."

அப்படித்தான் தேடினான். வாரத்தில் சில நாள் மூட்டை தூக்குவான், மீதி நாள் பைக்கில் குவாரிப் பக்கம் போவான். கடைசியாக ஒரு காலையில் எனக்கு போன் செய்தான்.

"பானு, மொட்டை அடிச்ச அம்மான்னு கேட்டா எல்லாரும் சிரிக்கிறாங்கடி. இங்க பாதிப்பேரு சமயபுரத்துல மொட்டை போட்டவங்கதான். இந்நேரம் அவங்களுக்கு முடி வேற வளந்திருக்கும்."

"கிறுக்கா, வீட்டுக்கு வா."

"மதியத்துக்குள்ள வந்துடறேன். சமயபுரத்துக்கே வரேன். எனக்கும் சேத்து டீ சொல்லு."

லால்குடி ரோட்டில் அவன் பைக்கில் லாரி மோதியது. டீ சொல்லியிருந்தேன். அது ஆறிப் போய் ஆடை கட்டிய பிறகுதான் எனக்குச் சேதி வந்தது.

நாங்கள் இரண்டு பேரும் கல்யாணத்தைப் பற்றி ஒரு நாளும் பேசியதில்லை. இந்தக் கேஸ் முடிந்திருந்தால் பேசியிருப்போம் என்று நினைக்கிறேன். இதை அவனிடம் சொல்லாமல் உங்களிடம் சொல்கிறேன்.

அடக்கம் முடிந்து நான் இன்ஸ்பெக்டரிடம் போனேன். அவர் நல்லவர். என்னை உட்கார வைத்துச் சொன்னார்: "செத்தவங்க மேல கேஸ் நடக்காதும்மா. அவரைப் பொறுத்தவரை முடிஞ்சிரும்."

"அவன் பேரு மேடம்?"

"அது அப்படியே இருக்கும்."

அதனால்தான் நான் வேலையை விடவில்லை. மறுபடியும் பூச்சொரிதல் வந்தது. என் குடையை அவன் இடத்தில் போட்டு உட்கார்ந்தேன். வருகிற முகத்தை எல்லாம் பார்த்தேன். அன்று அந்த அம்மாவை ஒரு நிமிஷம்தான் பார்த்திருக்கிறேன், அதுவும் மொட்டைத் தலையோடு. எனக்கு அடையாளம் தெரியாது என்று எனக்கே தெரியும். இருந்தும் பார்த்தேன்.

வெயில் ஏறியபோது ஒருவர் பூக்கூடையோடு வந்து என் குடை முன்னால் நின்றார். தலையில் குட்டை முடி.

"ஏங்கண்ணு, இங்க ஒரு பையன் குடை போட்டிருந்தானே, எங்கே?"

"எந்தப் பையன்மா?"

"போனைத் திருப்பித் திருப்பிக் காட்டுவானே. செவப்பு, பச்சைன்னு. கையைக் கழுவிட்டு வாங்க, இங்கதான் இருப்பேன்னு சொன்னானே. எம்மருமகளுக்கு ஒரு சிம்மு வாங்கணும். அவன்கிட்டத்தான் வாங்குவேன்."

அந்த அம்மாதான் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. தம்பிகளே, தங்கைகளே, இந்த இடத்தை மட்டும் மறக்காதீர்கள். அவர் காலைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் கொட்டிவிட வேண்டும் போல இருந்தது. அன்றைக்கு யாரும்மா உங்களுக்கு சிம் போட்டது, கண்ணாடி போட்ட ஆள்தானே என்று கேட்டுவிட வேண்டும் போல இருந்தது. கேட்டிருந்தால் எல்லாம் போயிருக்கும். வக்கீல் சொன்னது நினைவுக்கு வந்தது. நான் வாயை மூடிக்கொண்டேன்.

"அவன் வெளிய போயிருக்கான்மா. உக்காருங்க" என்றேன். இறந்து போனவனைத்தான் அப்படிச் சொன்னேன்.

"வருவானா?"

"நீர்மோர் குடிக்கிறீங்களா?"

கொஞ்சம் தள்ளிப் போய் இன்ஸ்பெக்டருக்கு போன் செய்தேன். "மேடம், வந்திருக்காங்க. நான் ஒண்ணும் கேக்கலை. ஒண்ணும் சொல்லவும் இல்லை" என்றேன். கோயில் பந்தோபஸ்துக்கு வந்தவர் பக்கத்தில்தான் இருந்தார். வரும்வரை அந்த அம்மா தன் மகனுக்குக் காய்ச்சல் வந்ததையும், மொட்டை வேண்டிக்கொண்டதையும் சொல்லிக்கொண்டிருந்தார். "உனக்கென்ன கண்ணு, கண்ணு கலங்குது?" என்று நடுவில் கேட்டார். "வெயில்மா" என்றேன்.

இன்ஸ்பெக்டர் காக்கி தெரியாமல் ஒரு சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்து அவர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தார். என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். ஒரு போலீஸ்காரர் எல்லாவற்றையும் போனில் பதிவு செய்தார். தள்ளி நின்றாலும் எனக்குக் கேட்டது.

"போன வருசம் இங்க சிம் வாங்குனீங்களே, என்ன நடந்துச்சும்மா?"

"அந்தப் பையன் கையைக் கழுவிட்டு வரச் சொன்னான். கழுவிட்டு வந்தா வேற ஆளு உக்காந்திருந்தாரு. கண்ணாடி போட்டவரு. விரல் வெச்சேன். விழலைன்னாரு. பச்சையா செவப்பா காட்டுங்கன்னேன். 'உனக்கு என்ன தெரியும், வைய்யி'ன்னு எரிஞ்சு விழுந்தாரு. இன்னொரு தடவை வெச்சேன். காட்டவே இல்லீங்க."

"முன்னாடி போலீஸ்கிட்ட இதைச் சொல்லலையே?"

"குடையில வாங்குனியான்னாங்க, ஆமான்னேன். குடைப் பையனான்னாங்க, ஆமான்னேன். அவங்க பாஷையும் புரியலை, பயம். வேற ஒண்ணும் அவங்க கேக்கலையே."

எல்லாம் முடிந்து கையெழுத்து வாங்கிய பிறகு, இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்துத் தலையசைத்தார். அப்புறம்தான் நான் அந்த அம்மாவிடம் சொன்னேன்.  அவர் கூடையில் இருந்த பூவை ஒரு கை அள்ளி, அவன் உட்கார்ந்திருந்த இடத்தில் போட்டார். "என்னைத் தேடியா சாமி போனே?" என்று தரையைப் பார்த்துக் கேட்டார். 

பிறகு எல்லாம் மெல்ல நடந்தது. கண்ணாடிக்காரரைப் பிடித்தார்கள். அவர் பின்னால் இருந்தவர்களைத் தேடுகிறார்கள். ஆரோக்கியம் பேர் குற்றப் பட்டியலிலிருந்து எடுக்கப்பட்டது என்று இன்ஸ்பெக்டரே அவன் அம்மாவிடம் வந்து சொன்னார். அவன் அம்மா கேட்டார்: "இதை எங்க தெருவுக்கு யாருங்க சொல்றது?" அதை நான் கல்லுடைக்கிற அம்மாவிடம் போய்ச் சொன்னேன். 

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் பாலக்கரைக்கு வந்தார். குங்குமப் பொட்டோடு சர்ச்சுக்குள் வந்து, கதவோரம் நின்ற ஆரோக்கியத்தின் அம்மா கையைப் பிடித்து முன்வரிசைக்கு நடத்திக்கொண்டு போனார். பூசை முடிந்து வாசலில் நின்றுகொண்டு, "இவங்க புள்ளதான் எனக்குப் பச்சையும் செவப்பும் சொல்லிக் குடுத்தான். அவன் தப்புப் பண்ணலை" என்று வந்தவர் போனவரிடமெல்லாம் சொன்னார். 

நாட்டுப் பாதுகாப்பு என்று டிவியில் பெரிய பெரிய ஆட்கள் பேசுவார்கள். உங்கள் குடைக்கடியிலும் அது இருக்கிறது. உங்கள் முகத்தைக் காட்டித் திறந்த மிஷினைப் பசித்தாலும் கொடுக்காதீர்கள், பாசமாகக் கேட்டாலும் கொடுக்காதீர்கள். மூடிவிட்டுச் சாப்பிடப் போங்கள். சர்வர் கிடைக்காவிட்டால் போகட்டும். ஒவ்வொரு தடவையும் போனைத் திருப்பிக் காட்டுங்கள். அவசரத்தில் இருக்கிறவர்கள் கிண்டல் செய்வார்கள், நான் செய்த மாதிரி.

இதைப் படிக்கிற எல்லாரிடமும் ஒன்று கேட்கிறேன். மாரியம்மனோ, பெருமாளோ, மாதாவோ, அல்லாவோ, நீங்கள் யாரைக் கும்பிட்டாலும் அவனுக்காக ஒரு தடவை வேண்டிக்கொள்ளுங்கள். வேண்டும்போது அவன் முழுப் பேரையும் சொல்லுங்கள். ஆரோக்கியசாமி. அவன் ஐடியில் இருந்த பேர் அதுதான். இப்போது அது சுத்தமாக இருக்கிறது.